எந்த மலையில் தொழுவது?

கி.மு. 407. எகிப்தின் தெற்கு எல்லையில், நைல் நதிக்குள் இருக்கும் எலிபன்டைன் தீவிலிருந்து ஒரு கடிதம் புறப்படுகிறது. எழுதியவர்கள் பாரசீகப் பேரரசின் படையில் சேவகம் செய்த யூதர்கள். யாஹோ என்று தாங்கள் அழைத்த கடவுளுக்கு அந்தத் தீவிலேயே கோயில் கட்டி வழிபட்டவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. மீண்டும் கட்டுவதற்கு யூதேயாவின் ஆளுநரிடம் உதவி கேட்கிறார்கள். எருசலேமின் தலைமைக் குருவுக்கு ஏற்கெனவே எழுதியும் பதில் வரவில்லை என்ற மனக்குறையும் அதில் இருக்கிறது. கடைசியில் ஒரு தகவல்: இதே விஷயத்தைச் சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்களுக்கும் எழுதியிருக்கிறோம்.

சன்பல்லாத்து என்ற பெயர் பைபிள் வாசகர்களுக்குத் தெரியும். நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டியபோது குறுக்கே நின்றவர். ஆனால் நைல் தீவின் யூதர்கள் அவருடைய குடும்பத்தைத் தங்கள் மக்களாகத்தான் நினைத்தார்கள். மகன்களின் பெயர்கள் தெலாயா, செலெமியா. இரண்டிலும் இஸ்ரவேலின் கடவுள் பெயரே ஒட்டியிருக்கிறது. யூதேயா ஆளுநரும் தெலாயாவும் சேர்ந்தே பதில் சொன்னார்கள்: கோயிலைக் கட்டலாம், தானியக் காணிக்கையும் தூபமும் படைக்கலாம். மிருக பலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

யூதருக்கும் சமாரியருக்கும் தொன்றுதொட்டுப் பகை என்றுதான் 'நல்ல சமாரியன்' கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நினைப்போம். அந்தப் பகையை வளர்த்தது கொள்கை வேறுபாடு அல்ல, இரண்டு நிலங்களுக்கு நேர்ந்த இரண்டு விதமான வரலாறு என்பதே என் எண்ணம்.

வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என இரண்டு அரசுகள் இருந்தன. வடக்கை கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் விழுங்கினார்கள். 27,290 பேரைச் சிறைபிடித்துச் சென்றதாக மன்னர் சார்கோன் கல்வெட்டில் பெருமை பேசுகிறார். காலியான இடத்தில் குடியேற்றப்பட்ட அந்நியர்களின் வழிவந்தவர்களே சமாரியர்கள் என்கிறது பைபிளின் இரண்டாம் இராஜாக்கள் நூல். அது தெற்கத்தியர் எழுதிய வரலாறு. சார்கோன் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே ஏற்றாலும் அது ஒரு நாட்டின் மொத்த மக்கள்தொகை ஆகாது. வடக்கின் மலைக் கிராமங்களில் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள் என்பதைத்தான் அகழாய்வுகளும் காட்டுகின்றன.

தெற்கின் கதை வேறு. கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேமையும் கோயிலையும் அழித்து, மேல்தட்டு மக்களை நாடு கடத்தினார்கள். பிறகு பாரசீகர் அனுமதியோடு திரும்பி வந்தவர்களுக்கு அந்த நாடுகடத்தலே அடையாளமாகிவிட்டது. பாபிலோனுக்குப் போய் வந்தவனே உண்மையான இஸ்ரவேலன், ஊரிலேயே தங்கிவிட்டவன் கலப்படம் என்ற எண்ணம் வேர்விட்டது. தோற்று, இழந்து, திரும்பிய அனுபவத்திலிருந்து தூய்மையின் எல்லைக்கோடு பிறந்தது. வடக்கத்தியருக்கு அப்படியொரு திரும்புதல் இல்லவே இல்லை. அவர்கள் தங்கள் புனித மலையான கெரிசீமை விட்டுப் போகவில்லை.

அந்த மலை உச்சியில் இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிட்சாக் மாகென் 1980களில் அகழாய்வைத் தொடங்கினார். கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே கோயில் இருந்ததற்கான தடயங்களும், பலியிட்ட மிருகங்களின் எலும்புகளும், காணிக்கை தந்தவர்களின் பெயர் பொறித்த கற்களும் கிடைத்தன. இரு தரப்புக்கும் வேதநூலான தோரா ஒன்றுதான். மலைதான் வேறு. உபாகமம் 27-ஆம் அதிகாரத்தில், பலிபீடம் கட்டச் சொல்லும் மலை யூதர் பிரதியில் ஏபால், சமாரியர் பிரதியில் கெரிசீம். சமாரியர் திருத்திவிட்டார்கள் என்பதே நெடுங்காலக் குற்றச்சாட்டு. ஆனால் அவர்களோடு தொடர்பில்லாத ஒரு பழைய லத்தீன் பிரதியிலும் கெரிசீம்தான் இருக்கிறது. திருத்தியது எந்தப் பக்கம் என்பதை இன்று யாரும் அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. எழுத்திலும் இதே கதை: யூதர்கள் அரமேய எழுத்துக்கு மாறிவிட்டார்கள், சமாரியர்கள் பழைய எபிரேய எழுத்தை விடாமல் இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள்.

உறவு முறிந்தது கி.மு. 110 வாக்கில். எருசலேமின் ஆட்சியாளரும் தலைமைக் குருவுமான யோவான் ஹிர்கானுஸ் படையோடு வந்து கெரிசீம் கோயிலைத் தரைமட்டமாக்கினார். ஒரே கடவுளை வணங்கிய கோயிலை அந்தக் கடவுளின் குருவே இடித்தார். அதே மனிதர் தெற்கே இதுமேயாவையும் பிடித்தார். அங்கிருந்தவர்கள் ஏதோமியர் வழிவந்தவர்கள். விருத்தசேதனம் செய்துகொண்டு யூதச் சட்டத்தை ஏற்றால் மண்ணில் தங்கலாம் என்றார், ஏற்றார்கள். அந்த வழியில் வந்தவர்தான் பின்னாளில் எருசலேம் கோயிலைப் பிரம்மாண்டமாகப் புதுப்பித்த மன்னர் ஏரோது. அவரையும் எதிரிகள் அரை யூதன் என்று ஏசினார்கள்.

தோராவையே உயிராகப் போற்றியவர்கள் வெளியே. அந்நிய இனத்தார் உள்ளே. எருசலேமுக்குப் போட்டியாக ஒரு மலை வைத்திருந்ததுதான் சமாரியர் செய்த குற்றம். இதுமேயருக்கு அப்படியொரு மலை இல்லை.

ரோமுக்கு எதிரான யூதக் கலகத்தில் இந்தக் கோடுகள் துலங்கின. கி.பி. 67-ல் கெரிசீமில் திரண்ட சமாரியர் 11,600 பேரை ரோமத் தளபதி வெஸ்பாசியனின் படை கொன்றது என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ். எருசலேமிலிருந்து அவர்களுக்கு உதவி வரவில்லை. அடுத்து வந்த குளிர்காலத்தில், எருசலேமின் தலைவர்கள் நகரை ரோமரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்ற செய்தி கேட்டு 20,000 இதுமேயர்கள் ஆயுதங்களோடு எருசலேமுக்கு வந்தார்கள். கதவு அடைபட்டிருந்தது. கொட்டும் மழையில் மதிலுக்கு வெளியே நின்றவர்கள், நம் எல்லோருக்கும் பொதுவான நகரத்தில் எங்களுக்கு மட்டும் ஏன் கதவடைப்பு என்று கேட்டார்கள்.