விசாவுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

‘விசா வந்துடுச்சா?’ - கூத்தாநல்லூர்ல டிகிரி முடிச்ச பையனைப் பார்த்தா, கல்யாண வீட்டுல கூட முதல் கேள்வி இதுதான். என் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு ஊர்லயே தொழில் பண்ண ஆசை. ‘காசு யாருடா தருவா?’னு நாமளே அவனை உட்கார வெச்சுட்டோம்.

பதில் இருக்கு பாஸ்! 2012-ல் தமிழக அரசு ஆரம்பிச்ச ‘நீட்ஸ்’ திட்டம். (பயப்படாதீங்க, பரீட்சை இல்லை!) வயசு 21 ஆகியிருக்கணும். உற்பத்தி, சேவைத் தொழில்களுக்கு, 10 லட்சத்துக்கு மேல 5 கோடி வரைக்குமான திட்டங்கள் இதுல வரும்.

உதாரணத்துக்கு, 20 லட்சத்துல இடியாப்ப மாவு யூனிட் போடறீங்க. பொதுப்பிரிவு ஆண்கள் கையிலேருந்து 10 சதவிகிதம், அதாவது 2 லட்சம் போடணும். பெண்கள், சிறுபான்மையினர் மாதிரி சிறப்புப் பிரிவினருக்கு 5 சதவிகிதம், 1 லட்சம் போதும். மானியம் 25 சதவிகிதம், 5 லட்சம். மீதி பேங்க் லோன். அந்த வட்டியிலயும் 3 சதவிகிதத்தை அரசே ஏத்துக்கும்.

ஒரு சிக்கல். லோன் தர்றதா வேண்டாமானு முடிவு பண்றது பேங்க்தான். அங்கே பேசப்போறது உங்க திட்ட அறிக்கை. மெஷின் கொட்டேஷன், கரன்ட் செலவு, மாவை யார்கிட்ட விப்பீங்க... எல்லாத்தையும் ஃபைனல் இயர்லயே எழுத ஆரம்பிங்க. சந்தேகமா? திருவாரூர் மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க.

ஏஜென்ட்டுக்குக் கொடுக்க, ஃப்ரெண்டோட உம்மா வளையலைக் கழட்டி வெச்சிருக்காங்க. ‘அடகுக் கடைக்கு முன்னாடி திருவாரூருக்கு ஒரு நடை போயிட்டு வாடா’னு சொல்லியிருக்கேன். நீங்க எப்போ கிளம்பறீங்க?