வாசலில் காய்ந்த வெள்ளைச் சட்டை

பால்மரத் தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. லயத்திலே ஒரு வீட்டு அடுப்பு புகையவில்லை என்றால் அடுத்த வீட்டுக்காரிக்கு அது அரை மணி நேரத்திலே தெரிந்துவிடும். "ஏன்டி, உலை வைக்கலையா?" என்று கேட்கமாட்டாள். பிள்ளையின் கையிலே ஒரு கிண்ணம் குழம்பைக் கொடுத்து, "அம்மா ருசி பார்க்கச் சொன்னாங்க" என்று அனுப்பி வைப்பாள். ருசி பார்க்க யாராவது கிண்ணம் நிறையக் குழம்பு கொடுப்பார்களா? கொடுக்கிறவளுக்கும் தெரியும், வாங்குகிறவளுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேருடைய மானமும் பத்திரமாக இருந்தது.

அந்த லயங்களில் பல இன்று இல்லை. பேராவிலே பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். சனங்கள் மூட்டை முடிச்சோடு பட்டணத்துக்கு வந்தார்கள். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கிலே வந்து குடியேறியவர்கள் எத்தனையோ பேர். புந்தோங் என்றாலே கச்சான் பூத்தேதான் ஞாபகத்துக்கு வரும். எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் வறுத்தும் பொரித்தும் வளர்த்த தொழில் அது. முறுக்கு, ஓமப்பொடி, கடலை, பட்டாணி என்று அந்தப் பக்கம் போனால் மூக்கே வழி காட்டிவிடும். ஆனால் அடுத்த வீட்டிலே உலை கொதிக்கிறதா என்பது, கேஸ் அடுப்புக் காலத்திலே யாருக்குத் தெரிகிறது?

2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கோவிட் நோய்க்காக 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்தும் இறுகியும் வந்து, 2021 ஜூன் 1இல் நாடே மறுபடியும் அடைபட்டது. வீட்டுக்கு இரண்டு பேர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம். அதுவும் 10 கிலோமீட்டருக்குள்ளே. மாநிலம் தாண்டக்கூடாது, மாவட்டம் தாண்டக்கூடாது. தைப்பிங்கிலே கூடப்பிறந்த அண்ணன் இருந்தாலும் புந்தோங்கிலே இருக்கிற தங்கச்சிக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து போட வழியில்லை. உறவுக்காரன் வரமுடியாத அந்த நேரத்திலே, வந்தால் அந்நியன்தான் வரவேண்டும்.

அந்த ஜூன் கடைசியிலேதான் 'வெள்ளைக் கொடி' கிளம்பியது. சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வாசலிலோ சன்னலிலோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், வாய் திறந்து கேட்கவேண்டாம், பார்க்கிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, அது நாடு முழுக்கப் பரவிற்று. விளையாட்டாகப் பிறந்த யோசனை அல்ல. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலே மட்டும் 468 பேர் தற்கொலை செய்துகொண்டதாகப் போலீஸ் கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதற்குமே 631 பேர்தான். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மட்டும், கொடியைத் தூக்காதீர்கள், கையைத் தூக்கிப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று புத்தி சொன்னார். பிரார்த்தனை நல்லதுதான். பசித்த பிள்ளைக்கு அதைப் புரியவைக்கிற பொறுப்பையும் அவரே ஏற்றிருக்கலாம்.

புந்தோங்கிலே நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவர் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். கல்யாணமே இல்லாதபோது சமையல் ஏது? மனைவி கச்சான் பூத்தே பொட்டலம் கட்டுகிறவர். வெளியூர்க்காரர்கள் வந்தால்தானே வியாபாரம்? வாரத்திலே இரண்டு நாள் வேலை கிடைத்தால் அதிகம். "நாமளும் ஒரு துணியைக் கட்டிருவமாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். "ஊருக்கே சமைச்சுப் போட்ட கை இது. பிச்சை எடுக்கச் சொல்றியா?" என்று அவர் சீறியிருக்கிறார். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலையிலே அந்த அம்மாள் மகனின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் துவைத்து, வாசல் கம்பிக் கதவிலே காயப்போட்டார். பள்ளிக்கூடமே மூடிக் கிடந்த காலம் அது. சட்டையை எதற்குத் துவைத்தார் என்று நாம் இதுவரை கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை.

மத்தியானம் வாசலிலே மோட்டார் சைக்கிள் சத்தம். ஹாரன் இரண்டு தரம் அடித்தது. எட்டிப் பார்த்தால், கதவிலே ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது: ஐந்து கிலோ அரிசி, சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டு, ஒரு தட்டு முட்டை, இரண்டு சார்டின் டின், பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்யும் மலாய்க்காரப் பையன் ஒருவன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

கணவர் பனியனோடு ஓடியிருக்கிறார். "தம்பி, நாங்க கொடி கட்டலே! அது சட்டை!" என்று மலாயிலே கத்தியிருக்கிறார். பையன் சட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அப்படியா அங்கிள்? நான்தான் தப்பாய்ப் பார்த்துவிட்டேன். ஆனால் இந்த நோய்க் காலத்திலே தொட்ட சாமானைத் திருப்பி எடுக்கக்கூடாதே" என்றான். வண்டி போய்விட்டது. முகக்கவசமும் தலைக்கவசமுமாக இருந்ததால் கண் மட்டும்தான் தெரிந்ததாம்.

இது நமக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கொடுத்தவர்கள் அந்த நாளிலே நிறையப் பேர் இருந்தார்கள். கடைக்காரர்கள் கொடுத்தார்கள், சங்கங்கள் கொடுத்தன, இளைஞர்கள் கைப்பேசியிலே செயலி செய்து யாருக்கு எங்கே தேவை என்று காட்டினார்கள். ஐந்து கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் நின்று படம் பிடித்துக்கொண்டதையும் பார்த்தோம். வாங்குகிறவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற அந்தப் படங்களை யார் வைத்திருக்கிறார்களோ! இந்தப் பையனோ, குற்றத்தைத் தன் தலையிலே போட்டுக்கொண்டு போனான். அன்றாடக் கூலிக்கு ஓடுகிறவன்தானே அவனும்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று காலையிலே நாமும் அந்தத் தெரு வழியாகத்தான் கடைக்குப் போனோம். கதவிலே தொங்கிய சட்டையைப் பார்த்தோம். துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நம் பாட்டுக்கு நடந்தோம்.

இப்போது அவருக்குக் கல்யாணச் சமையல் மறுபடியும் ஓடுகிறது. போன மாதம் பார்த்தபோது, மோட்டார் சைக்கிளின் முன் கூடையிலே ஒரு கச்சான் பூத்தே பொட்டலம் இருந்தது. எப்போது பார்த்தாலும் ஒன்று இருக்கிறதே, யாருக்கண்ணே இது என்று கேட்டோம்.

"யாருன்னு தெரிஞ்சா இந்நேரம் குடுத்திருக்க மாட்டேனா?" என்றார்.