டோக்கன் கொடுக்கும் முன்பு

துபாய் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்னையின் நட்சத்திர ஓட்டல்களில் விற்பனைக் கண்காட்சி நடக்கிறது. காலையில் படம் பார்த்தவர்கள் மாலைக்குள் டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள். சொந்த ஊரில் அரை கிரவுண்டு வாங்க 30 வருட வில்லங்கம் பார்ப்பவர்கள்தான் இவர்கள். கடல் தாண்டி வாங்கும் வீட்டுக்கு மட்டும் ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பி.டி.எஃப். போதும் என்கிறார்கள்.

அங்கே சட்டம் இருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை. 2006-ம் ஆண்டின் 7-ம் எண் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே வெளிநாட்டவர் சொத்து வாங்கலாம். அதிலும் முழு உரிமையா, 99 வருடக் குத்தகையா என்று எழுத்தில் கேளுங்கள்.

கட்டி முடியாத வீடு என்றால், துபாய் நிலத்துறையின் ‘துபாய் ரெஸ்ட்’ செயலியில் திட்டத்தின் பெயரை நீங்களே தேடுங்கள். பதிவு உண்டா, கட்டுமானம் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று தெரியும். 2007-ன் சட்டப்படி, உங்கள் பணம் அந்தத் திட்டத்துக்கென உள்ள எஸ்க்ரோ கணக்கில்தான் சேர வேண்டும். ஏஜெண்டின் கணக்கு, ‘கம்பெனி கணக்கு’ எதுவும் செல்லாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் வீடு உங்களுடையதாகிவிடாது. 2008-ன் 13-ம் எண் சட்டப்படி, ‘ஊக்கூத்’ எனப்படும் இடைக்காலப் பதிவேட்டில் ஏறாத விற்பனை செல்லாது. பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் ஒப்படைப்புத் தேதியையும் தவணை தவறினால் என்ன என்பதையும் படியுங்கள். கட்டுமானம் நடக்கும் நிலையில் நீங்கள் தவறினால், வீட்டு விலையில் 25 முதல் 40 சதவீதம் வரை கட்டுநர் பிடித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது.

கட்டி முடித்த வீடா? உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் பொருந்த வேண்டும். அடமானக் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்புக் கட்டணப் பாக்கி இல்லை என்பதற்குக் கட்டுநரின் தடையின்மைச் சான்று வேண்டும். பவர் வைத்து விற்கிறார்கள் என்றால், அந்தப் பவர் இன்னும் நடப்பில் உள்ளதா என்று விசாரியுங்கள். பதிவுக் கட்டணம் 4 சதவீதம். அதையும் கணக்கில் சேருங்கள்.

இந்தியாவில் இருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி வழியாக அனுப்பலாம். ஏ2 படிவத்தில் ‘வெளிநாட்டில் அசையாச் சொத்து வாங்க’ என்றே எழுதுங்கள். வங்கி ஊழியர் அவசரத்தில் ‘குடும்பச் செலவு’ என்று போட்டுவிட்டால், நோட்டீஸ் அவருக்கு வராது, உங்களுக்குத்தான் வரும். ஹவாலா பக்கம் தலைவைக்காதீர்கள். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் வீட்டைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

ஏமாந்தபின் இந்தியத் துணைத் தூதரகத்தில் மனு கொடுக்கலாம். பணத்தை மீட்டுத் தர அதற்கு அதிகாரமில்லை. நிலத்துறையில் புகார், பிறகு துபாய் நீதிமன்றம், அங்கே வக்கீல் கட்டணம் என்று அலைய வேண்டும். எனவே மறுபடியும் சொல்கிறேன்: எஸ்க்ரோ கணக்கை நிலத்துறையில் சரிபார்க்காமல் ஒரு திர்ஹம்கூட அனுப்பாதீர்கள். ‘இன்றைக்கு மட்டும் இந்த விலை’ என்று அவசரப்படுத்தினாலும் அனுப்பாதீர்கள்.