முழங்காலில் எத்தனை ஜவ்வு?

"ஜவ்வு கிழிந்துவிட்டது", "ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்ற இரண்டு பேச்சுக்குள் தமிழ்நாட்டு முழங்கால் நோய்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. ஆனால் இந்த ஒற்றைச் சொல், அமைப்பிலும் ஆறும் விதத்திலும் முற்றிலும் வேறான மூன்று பகுதிகளுக்குப் பொதுப்பெயராக வழங்குவதால், ஒருவருக்குக் கைகொடுத்த சிகிச்சையை இன்னொருவர் நாடிச் சென்று ஏமாறுவது வழக்கமாகிவிட்டது.

அந்த மூன்றுக்கும் வேலை மிகுந்த இடங்களுள் ஒன்று, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை. இதன்மேல் அமைந்த காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்தே சரிவின் அளவை ஊகிக்கலாம். கேரளத்தாரோடு பெயரில் மட்டும் ஒத்துப்போகும் மலையாளிப் பழங்குடியினர் இங்கே சாமை விளைவித்தும், புளியும் பலாவும் சேகரித்தும் வாழ்பவர்கள். களையெடுப்பும் அறுவடையும் குந்தியும் குனிந்தும் நடப்பவை, விறகோ தலைச்சுமையாக வருவது. மலையேறும்போது இளைப்பது மூச்சுதான். இறங்கும்போதுதான் முழங்கால் சோதிக்கப்படுகிறது. இறங்குகையில் தொடையின் முன்தசை நீண்டுகொடுத்தபடியே உடலின் எடையைத் தடுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், முழங்கால் சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் அழுந்துகிறது. வெறும் படி இறங்கும்போதே அந்த அழுத்தம் உடல் எடையைப்போல் மூன்று மடங்கைத் தாண்டும் என்றால், தலையில் சுமையும் சேரும்போது நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலாவது ஜவ்வு, தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் செருகியிருக்கும் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள். மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்பார்கள். உடல் எடையைப் பரப்பித் தாங்குவது இவற்றின் பணி. இளவயதில் இவை கிழியப் பலத்த முறுக்கு வேண்டும். நடுவயதுக்குமேல் குந்தியிருந்து திரும்பி எழுவதே போதும். மறுநாள் மெல்ல வீங்குவதும், கிழிந்த துண்டு இடையில் சிக்கி முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்வதும் இதன் அடையாளங்கள். தட்டின் வெளி விளிம்புக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டென்பதால் அங்கே விழுந்த கிழிசலைத் தைத்தால் கூடும். உள்விளிம்பில் விழுந்தது பெரும்பாலும் கூடாது.

ஒரு காலத்தில் கிழிந்த தட்டை முழுதாக எடுத்து எறிந்துவிடுவார்கள். அப்படி எடுக்கப்பட்ட மூட்டுகள் பின்னர் தேய்வதை 1948-இல் இங்கிலாந்தின் ஃபேர்பேங்க் எக்ஸ்-ரே படங்களில் காட்டினார். சிறு துளை வழியே கருவியைச் செலுத்திக் கிழிந்த துண்டை மட்டும் நறுக்கியெடுக்கும் முறையை 1962-இல் டோக்கியோவில் மசாகி வதனபே தொடங்கிவைத்தார். எனினும் வயதால் நைந்த கிழிசலுக்கு இவ்வறுவை செய்வது, அறுவை செய்ததுபோல் பாவனை மட்டும் செய்வதைவிட அதிகப் பலன் தரவில்லை என்று 2013-இல் வெளியான பின்லாந்து ஆய்வு கண்டது. ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது என்பதற்காகவே கத்தியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

இரண்டாவது ஜவ்வு, மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரண்டு நார்களில் முன்னது, ஏ.சி.எல். என்று விளையாட்டுக்காரர்கள் சொல்வது இதைத்தான். கபடியில் ஊன்றிய கால் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பும் அந்த நொடியில் 'டப்' என்ற ஓசையோடு இது அறும். உள்ளே இரத்தம் கசிவதால் ஓரிரு மணி நேரத்திலேயே முழங்கால் புடைத்துவிடும். வீக்கம் வடிந்தபின் வலி குறைந்தாலும், சரிவில் இறங்கும்போது கால் திடீரென நழுவுவதுபோல் இருக்கும். அறுந்த நார் பெரும்பாலும் தானே ஒட்டாது. தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்துப் புது நாராகப் பொருத்துகிறார்கள், களத்துக்குத் திரும்ப ஏறத்தாழ 9 மாதம் ஆகும். எல்லோருக்கும் இது வேண்டியதுமில்லை: சுவீடனில் 121 இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் பயிற்சி மட்டும் பெற்றவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாண்டு வரை அறுவை இல்லாமலே சமாளித்தார்கள்.

வட மாவட்டங்களில் அடிபட்டவுடன் பலர் நினைப்பது புத்தூர் கட்டு. எலும்பு முறிவுக்குப் பெயர் பெற்ற அந்தக் கட்டுக்கு, மூட்டுக்குள் அறுந்த நாரையோ கிழிந்த தட்டையோ சேர்க்கும் வழியில்லை. வாரக்கணக்கில் கட்டிவைத்தால் மூட்டு விறைத்துத் தசையும் சூம்பும் என்பதே மிச்சம்.

மூன்றாவது ஜவ்வு, எலும்பு முனைகளின்மேல் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் குருத்தெலும்பு உறை. 'தேய்மானம்' எனப்படுவது இதற்கு நேர்வது; இதை மீண்டும் வளர்க்கும் மாத்திரை எதுவும் இல்லை. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீதான பளு ஏறக்குறைய நான்கு கிலோ குறையும் என்பதும், தொடைத்தசை வலுத்தால் வலி தணியும் என்பதும் நிலைநாட்டப்பட்ட உண்மைகள். இவற்றுக்கும் அடங்காமல் இரவு உறக்கத்தையும் கெடுக்கும் தேய்மானத்துக்கே செயற்கை மூட்டு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை விதித்தபோது, மிகுதியாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாயாக இறங்கியது.

காய்ச்சலோடு முழங்கால் வீங்கிச் சிவந்து தொட முடியாமல் வலித்தால் அது இந்த மூன்றில் எதுவுமன்று. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவமனை சேர வேண்டும்.

தொடைத்தசைப் பயிற்சிக்குக் கருவி தேவையில்லை. திண்ணையில் அமர்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்தி மெல்ல இறக்குவதே தொடக்கம். இதை முறையாகக் கற்றுத்தரும் இயன்மருத்துவச் சேவை, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருவனவற்றுள் ஒன்று. வலியோடு சரிவில் இறங்கிப் போகுமுன் ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் அதைக் கேட்டுப் பெறலாம்.