மாசி மாதத் தோட்டப் பணிகள்

புனே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. எனவே மாசியிலும் இரவுகள் குளிர்கின்றன. நண்பகல் வெயிலோ சுடத் தொடங்கிவிடும். அடுத்த மழைக்கு ஜூன் வரை காத்திருத்தல் வேண்டும்.

காய்த்து ஓய்ந்த பட்டாணிக் கொடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்தல் நலம்; வேர்முடிச்சுகளிலுள்ள தழைச்சத்து அடுத்த பயிருக்கு உதவும். அவ்விடத்தில் வெண்டை, கொத்தவரை, பீர்க்கு விதைகளை ஊன்றலாம்.

இப்பருவத்தில் உதிரும் சருகைச் சிலர் தெருவிலேயே எரிக்கின்றனர். திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதனைத் தடுக்கின்றன. தடை ஒருபுறமிருக்க, நல்ல உரமும் அன்றோ வீணாகிறது! அச்சருகைச் செடியைச் சுற்றி நான்கு விரற்கடை உயரம் பரப்பினால் மண்ணின் ஈரம் விரைவில் ஆவியாகாது. தண்டை ஒட்டிக் குவித்தல் கூடாது, தண்டு அழுகிவிடும்.