அருங்காட்சியகத்தில் ஒரு கூடை வண்டி

உறவினரைப் பார்க்க அமெரிக்கா சென்றிருந்தோம். தலைநகர் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகத்தில், உணவுக்கென்றே ஒரு காட்சி இருப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் விமானங்களைப் பார்க்கப் போக, நாம் இங்கே வந்துவிட்டோம். மளிகைக்காரன் கால் வேறு எங்கே போகும்?

இது 2012-இல் திறக்கப்பட்ட காட்சி. இதன் பெருமைக்குரிய பொருள், ஜூலியா சைல்டு என்ற அம்மையாரின் சமையலறை. 1963 முதல் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொடுத்து நாடறியப் புகழ்பெற்றவர். 2001-இல் அவர் வீட்டை விட்டுச் சென்றபோது, சுவரும் தரையும் நீங்கலாக அடுப்பு, அலமாரி, கரண்டி என அனைத்தையும் கொண்டுவந்து, இருந்தது இருந்தபடியே அடுக்கியிருக்கிறார்கள். அம்மையார் ஆறடி இரண்டு அங்குல உயரம். அதற்கேற்ப மேடையும் 38 அங்குலம். சுவரில் தொங்கும் ஒவ்வொரு வாணலிக்கும் அதன் உருவத்தைப் பலகையில் கோடு போட்டு வைத்திருக்கிறார் அவர் கணவர். ஒன்று குறைந்தால் எது காணோம் என்று கோடே சொல்லிவிடும். நம் எடைக்கற்களுக்கும் இப்படி ஒரு பலகை இருந்தால் காலை நேரத் தேடல் பாதி மிச்சமாகும்!

ஆனால் நம்மை வெகுநேரம் நிறுத்தி வைத்தது ஒரு கூடை வண்டிதான். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும் வகை. ஓர்லா வாட்சன் என்பவர் 1940-களில் உருவாக்கியது.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவிலும் முன்பெல்லாம் மேசைக்கு அப்பால் நிற்கும் கடைக்காரர்தான் சாமானை எடுத்துக் கொடுப்பார். 1916-இல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் வாடிக்கையாளரையே உள்ளே விட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கையில் கூடை, அது கனத்ததும் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தவர் ஓக்லஹோமா வியாபாரி சில்வன் கோல்டுமேன். 1937-இல் மடக்கு நாற்காலியை மாதிரியாகக் கொண்டு சக்கர வண்டி செய்தார். முதலில் யாரும் தொடவில்லையாம்! கூலிக்கு ஆள் அமர்த்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் நடக்கவிட்ட பிறகுதான் பழகியது. 1974-இல் ஓஹயோ மாநிலக் கடையொன்றில் முதன்முதலாக ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு படிக்கப்பட்டதும் இதே வரிசையில் வந்ததுதான்.

கடையைச் சுயசேவைக்கு மாற்றலாமா என்று நம் சங்கத்தில் கேட்காத மாதமில்லை. அந்த வண்டியின் முன் நின்றபோது நமக்குத் தோன்றியது இது: மேசைக்கு இப்பால் நிற்கும் வரை ‘பெருங்காயம் தீர்ந்திருக்குமே அம்மா’ என்று நினைவூட்டுவது நாம். உள்ளே விட்டபின் அந்த வேலையைச் செய்வது பாக்கெட்டின் மேல் அச்சிட்ட பெயர். நம் பெயரில் விற்ற துவரம்பருப்பு, கம்பெனியின் பெயரில் விற்கும். வியாபாரம் கூடலாம், வாடிக்கை யாருடையது என்பதுதான் கேள்வி.

ஊர் திரும்பியதும் நமது கடையில் சோப்பு, பிஸ்கட் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டிருக்கிறோம். பருப்பும் மிளகாயும் இன்னும் தராசுப் பக்கம்தான். பிளாஸ்டிக் கூடை ஆறு வாங்கி வாசலில் வைத்தோம். முதல் நாள் வந்த பழைய வாடிக்கையாளர் அம்மா ஒருவர் கூடையை எடுத்து வந்து மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போல் சிட்டையை நம்மிடம் நீட்டினார்.