கடை உண்டு, செடி கூடாது

காசிக்குப் புதிதாகப் படிக்க வரும் நம்மவர்கள் கடைவீதிக்கு முதல் முறை போய் வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என்ன அண்ணா, இங்கே கஞ்சாவைச் சர்க்காரே கடை வைத்து விற்கிறதே!" கடைப் பலகையிலுள்ள 'சர்க்காரி', 'பாங்' என்ற இந்திச் சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்ததன் பலன் இது. உடனே விடுதியில் விவாதம் கிளம்பிவிடும். ஒருவர், "அமெரிக்காவில் வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாமாம்" என்பார். இன்னொருவர், "இங்கேயும் ஒரு கிலோ வரை குற்றமில்லையாம்" என்பார். நான் தாவர இயல் படிப்பவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் வந்து விழும். வாயால் சொல்லிச் சலித்ததை இம்முறை நம் சங்க மலரில் எழுதிவிடுகிறேன்.

முதலில் செடியைப் பார்ப்போம். கன்னாபிஸ் சட்டைவா என்பது அதன் அறிவியற் பெயர். பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூக்கொத்துகளில் நுண்ணிய சுரப்பி மயிர்கள் நெருக்கமாக இருக்கும். போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் பொருள் அவை சுரக்கும் பிசினில்தான் மிகுதி. இலையிலும் உண்டு, ஆனால் குறைவு. பூக்கொத்து கஞ்சா, பிரித்தெடுத்த பிசின் சரஸ், இலையை அரைத்தால் பாங்கு. செடி ஒன்று, சரக்கு மூன்று.

தாவர இயலார் செய்யும் இந்தப் பாகுபாட்டையே சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவுக்குக் கூறும் இலக்கணத்தில், பூக்கொத்தோடு சேராத இலையும் விதையும் விலக்கப்பட்டுள்ளன. 1961-ல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையிலும் இதே விலக்கு உண்டு. ஆகவே பாங்கு மத்தியச் சட்டத்தின் வலையில் சிக்காமல், மாநிலக் கலால் துறையின் கைக்கு வந்து சேர்ந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1910-ம் ஆண்டின் கலால் சட்டப்படி அதற்கு உரிமம் தருகிறார்கள். 2025-ல் சாராயக் கடைகளோடு பாங்குக் கடைகளையும் கணினிக் குலுக்கலில் ஒதுக்கினார்கள். ஆக, 'சர்க்காரி' என்றால் சர்க்கார் நடத்தும் கடை என்று பொருளல்ல. சர்க்காரிடம் உரிமம் பெற்ற தனியார் கடை, அவ்வளவுதான். அங்கே விற்க அனுமதிக்கப்பட்டிருப்பது இலை. பூக்கொத்து ஒரு காம்பு கலந்தாலும் கதை மாறிவிடும்.

நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் அடுத்தது. இலைக்கு விலக்கு உண்டே தவிர, செடி வளர்ப்பதற்கு விலக்கு இல்லை. ஆண் செடியா பெண் செடியா, பூத்ததா பூக்காததா என்ற பேச்சுக்கே இடமில்லை. அனுமதியின்றி வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மொட்டை மாடித் தொட்டியில் ஒரே ஒரு செடி வைத்தவருக்கும் பிரிவு அதுவே. "அப்படியானால் கடைக்கு இலை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இமயத்தின் அடிவாரத்தில் இது தானே முளைக்கும் களை, தெருவோரத்தில்கூடக் கண்டிருப்பீர்கள்.

நாருக்கும் விதைக்கும் வளர்க்க அனுமதி அளிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உத்தராகண்ட் 2018-ல் இந்த வழியில் முதலில் இறங்கிற்று. போதைப் பொருள் 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத வகைகளுக்கே அங்கு இடம். அதுவும் மாநில அரசு தரும் அனுமதி. நம் நாட்டில் நகரசபைக்கோ பஞ்சாயத்துக்கோ இதில் குரல் கிடையாது.

அந்த ஒரு கிலோக் கதை வேறு. கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறு அளவு' என்பது உண்மை. ஆனால் சிறு அளவென்றால் மன்னிப்பு என்று எவன் சொன்னானோ! ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனையின் அளவு குறைகிறதே ஒழியக் குற்றம் மறைவதில்லை. வேலைக்கு மனுப் போடும்போது வழக்கு உண்டா என்று கேட்கும் கட்டத்தில் எதை எழுதுவது?

இனி ஆறு செடிக்கு வருவோம். அது கலிபோர்னியா மாநிலத்துக் கணக்கு. மத்தியச் சட்டம் தடுத்திருந்தபோதே, 2016 நவம்பரில் அங்கு மக்கள் வாக்களித்து 64-வது பிரேரணையை நிறைவேற்றினார்கள். 21 வயதானவர் வளர்க்கலாம். ஆனால் ஆறு என்பது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் ஆறுதான். பொது இடத்திலிருந்து கண்ணுக்குப் படாமல், பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். சுவையான பகுதி இதற்குமேல்தான். வீட்டுக்கு வெளியே, தோட்டத்தில் வளர்ப்பதை நகரசபை அறவே தடுக்கலாம். வீட்டுக்குள் வளர்ப்பதை அறவே தடுக்க முடியாது, நியாயமான நிபந்தனைகள் மட்டும் விதிக்கலாம். கடைக்கோ அந்த வரம்பும் இல்லை. "எங்கள் ஊரில் ஒரு கடைகூட வேண்டாம்" என்று நகரசபை தீர்மானித்தால் முடிந்தது. ஊர் விதிக்கு மாறாக மாநிலம் உரிமம் தராது. 2018 ஜனவரியில் விற்பனை தொடங்கியபோது, ஓர் ஊரில் கடை திறந்தது. எல்லை தாண்டினால் அடுத்த ஊரில் தடை. பள்ளிக்கூடத்துக்கு 600 அடிக்குள் கடை கூடாது என்பது பொது விதி. அந்தத் தூரத்தையும் ஊர் மாற்றிக்கொள்ளலாம். கடை வேண்டுமா என்பதைப் பக்கத்தில் குடியிருப்பவன் தீர்மானிக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த ஆறு செடியை விடுதி மாடிக்குக் கொண்டுவர முடியாது.

விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாங்கு உருண்டையோ, வெற்றிலைக் கடையில் தொங்கும் பொட்டலமோ, வேடிக்கைக்காகப் பெட்டியில் போட்டுக்கொள்வோர் உண்டு. பாங்கு 1985-ம் ஆண்டுச் சட்டத்தில் அடங்காது என்று 2022-ல் ஒரு ஜாமீன் வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் கூறியது மெய்தான். ஆனால் அது மத்தியச் சட்டத்தைப் பற்றிய பேச்சு. மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. அஸ்ஸாம் 1958-லேயே கஞ்சாவையும் பாங்கையும் சேர்த்துத் தடுத்துச் சட்டம் செய்தது. நம் மாநிலத்திலோ, 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிவைத்த மதுவிலக்கின் சட்டம், கஞ்சாவோடு பாங்கையும் போதைப்பொருளாகவே எண்ணுகிறது. காசியில் ரசீதோடு வாங்கிய பொட்டலம், சென்ட்ரலில் இறங்கும்போது குற்றப் பொருளாகிவிடும். ரசீதை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.